புதிய தொழிலாளர் சட்டங்களுக்கு மேன்பவர் நிறுவனங்கள் தயாராவது எப்படி? சம்பளத் தாளிலிருந்து ஒப்பந்தம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. ஊதியத் தொகுப்பு 2019இல் இயற்றப்பட்டது. தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு ஆகிய மற்ற மூன்றும் 2020இல் இயற்றப்பட்டவை. 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் உள்ளிட்ட 29 மத்தியச் சட்டங்களின் இடத்தை இவை எடுத்துக்கொண்டன. இந்த மாற்றம் எல்லா முதலாளிகளையும் தொட்டாலும், ஆட்களைத் தன் சம்பளப் பட்டியலில் வைத்துக்கொண்டு வேறொருவரின் தொழிற்சாலைக்கோ அலுவலகத்துக்கோ வேலைக்கு அனுப்பும் மேன்பவர் நிறுவனங்களைத்தான் மிக நெருக்கமாகத் தொடுகிறது. சம்பளம் தருபவர் ஒருவர், வேலை வாங்குபவர் இன்னொருவர், இருவருக்கும் இடையிலான கட்டணமோ பழைய சட்டக் கணக்கில் போடப்பட்டது என்பதே இதற்குக் காரணம்.

உரிமம், பதிவு, படிவம் என்று தொடங்குவதுதான் பலருடைய வழக்கம். அவை தேவைதான், ஆனால் என் கருத்தில் தொடங்க வேண்டிய இடம் சம்பளத் தாள். அங்கே தவறு இருந்தால் வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.), ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு), பணிக்கொடை (கிராச்சுவிட்டி), ஓவர்டைம், வாடிக்கையாளருக்கான பில் ஆகிய அனைத்திலும் அதே தவறு தொடரும்.

முதல் படி: எந்த அரசின் விதி உங்களுக்குப் பொருந்தும் என்பதைத் தீர்மானியுங்கள்

வங்கி, காப்பீடு, ரயில்வே, பெரிய துறைமுகம், விமான நிலையம், சுரங்கம், தொலைத்தொடர்பு போன்றவற்றுக்கு ஆள் அனுப்பினால் அதற்குரிய அரசு மத்திய அரசு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், கோவை, திருப்பூர் ஆகிய இடங்களில் உள்ள தனியார் தொழிற்சாலைகளுக்கு அனுப்பினால் பெரும்பாலும் மாநில அரசு. ஒரே நிறுவனம் இரண்டு வகை வாடிக்கையாளர்களையும் வைத்திருப்பது சாதாரணம் என்பதால், வாடிக்கையாளர் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘மத்திய’ அல்லது ‘மாநில’ என்று எழுதிவிடுங்கள். அரை நாளில் முடியும் இந்த வேலையைச் செய்யாமல் விட்டால், தவறான அலுவலகத்தில் விண்ணப்பித்து மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும்.

தொகுப்புகளின் கீழ் புதிய விதிகள் இறுதி செய்யப்படும் வரை, முரண்படாத அளவுக்குப் பழைய விதிகள் தொடரும். ஆகவே ஒவ்வொரு படிவத்தையும் நிரப்புமுன் அரசிதழில் வந்த இறுதி விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள். வரைவு விதியை நம்பி மென்பொருளை மாற்றிவிடாதீர்கள். ‘விதி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்று சட்டத்தையே தள்ளிப்போடுவதும் தவறு. ஊதியம் என்றால் என்ன, எத்தனை நாளில் தர வேண்டும், எவ்வளவு பிடிக்கலாம் என்பனவெல்லாம் சட்டப் பிரிவுகளிலேயே உள்ளன.

இரண்டாம் படி: ஒவ்வொரு தொழிலாளியின் சம்பளத்தையும் புதிய வரையறையில் மறுபடி கணக்கிடுங்கள்

புதிய வரையறையில் அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி, நிறுத்திவைப்புப் படி (வேலையில்லாப் பருவத்திலும் ஆளைத் தக்கவைக்கத் தரும் தொகை) ஆகியவை ஊதியம். வீட்டு வாடகைப்படி, பயணப்படி, முதலாளி செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கு, சட்டப்படியான போனஸ், ஓவர்டைம், கமிஷன் போன்றவை விலக்கப்பட்டவை. ஆனால் அந்த விலக்குகளின் கூட்டுத்தொகை மொத்த ஊதியப் பலன்களில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியமாகவே கருதப்படும். பணிக்கொடையும் ஆட்குறைப்பு இழப்பீடும் இந்தப் பாதிக் கணக்கில் சேரா.

ஒரு தாளை எடுத்துப் பார்ப்போம். வாகன உதிரிபாகத் தொழிற்சாலைக்கு அனுப்பப்பட்ட ஒரு மெஷின் ஆபரேட்டருக்கு மாத மொத்தச் செலவு 30,000 ரூபாய் என்று கொள்வோம். அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்து 13,000, வீட்டு வாடகைப்படி 9,000, பயணப்படி 6,440, முதலாளியின் பி.எஃப். பங்கு 1,560. விலக்குகளின் கூட்டு 17,000. மொத்தத்தில் பாதி 15,000. தாண்டிய தொகை 2,000. எனவே இவருடைய ஊதியம் இனி 13,000 அல்ல, 15,000.

இதன் விளைவு மூன்று இடங்களில் விழுகிறது. பி.எஃப். 12 சதவீதத்தில் 1,560இலிருந்து 1,800 ஆகிறது. முதலாளிக்கு 240, தொழிலாளிக்கும் 240 கூடுதல். பணிக்கொடை, மாதத்தை 26 நாளாகக் கொண்டு ஓராண்டுப் பணிக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில், 7,500இலிருந்து ஏறத்தாழ 8,654 ஆகிறது. மூன்றாவது விளைவை, அதாவது ஈ.எஸ்.ஐ.யில் நேர்வதைப் பலரும் கவனிப்பதில்லை. பழைய கணக்கில் அடிப்படையும் வீட்டு வாடகைப்படியும் சேர்ந்தே 22,000 ஆகி, 21,000 என்ற உச்சவரம்பைத் தாண்டிவிட்டதால் இவர் ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே இருந்தார். புதிய வரையறையில் அவருடைய ஊதியம் 15,000தான் என்பதால் உள்ளே வருகிறார். முதலாளியின் 3.25 சதவீதம் 487.50 ரூபாய், தொழிலாளியின் 0.75 சதவீதம் 112.50 ரூபாய்.

எல்லாவற்றையும் மாதக் கணக்கில் கூட்டினால் இந்த ஒருவருக்காக நிறுவனம் தரும் கூடுதல் தொகை சுமார் 824 ரூபாய். உங்கள் சேவைக் கட்டணம் 5 சதவீதம் என்றால், இவரிடமிருந்து கிடைப்பது 1,500 ரூபாய். அதில் பாதிக்கு மேல் கரைந்துவிடும். இப்படி 200 பேர் இருந்தால் மாதம் 1.65 லட்சம் ரூபாய். தொழிலாளியின் கையில் விழுவதும் 352.50 ரூபாய் குறையும். அதற்கு ஈடாக அவருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவக் காப்பும், கூடுதல் சேமிப்பும், உயர்ந்த பணிக்கொடையும் கிடைக்கின்றன. ஆனால் முன்கூட்டியே விளக்காமல் அடுத்த மாதச் சம்பளத்தில் குறைத்துப் போட்டால் அது ஏமாற்று வேலையாகத்தான் அவருக்குத் தெரியும்.

இந்தக் கணக்கைச் செய்யும்போது மூன்று விஷயங்களில் கவனம் தேவை. ‘சிறப்புப் படி’ என்ற பெயரில் ஒரு பெரிய தொகையைப் போட்டு வைத்திருக்கும் நிறுவனங்கள், அந்தப் பெயர் விலக்குப் பட்டியலில் இல்லை என்பதை உணர வேண்டும். அந்த வேலையின் தன்மையால் ஏற்படும் தனிச் செலவை ஈடுகட்டத் தரப்படும் தொகை மட்டுமே விலக்கு. வெறுமனே சம்பளத்தை உடைப்பதற்காகப் போட்ட படி ஊதியமே. அடுத்து, பி.எஃப். கட்டாயப் பங்களிப்புக்கான ஊதிய உச்சவரம்பு 15,000. ஏற்கெனவே அந்த அளவுக்குச் செலுத்திவருபவர்களுக்கு வரையறை மாறியதால் மட்டும் பிடித்தம் அதிகரிக்காது. கடைசியாக, பணிக்கொடை கடைசியாகப் பெற்ற ஊதியத்தின் மீது கணக்கிடப்படுகிறது. அதனால் ஊதியம் உயர்ந்தால் ஏற்கெனவே முடிந்துபோன ஆண்டுகளின் பொறுப்பும் சேர்ந்தே உயரும். ஆறு ஆண்டுகளாகப் பணியில் இருக்கும் மேற்சொன்ன ஆபரேட்டருக்கு மட்டும் ஏறக்குறைய 6,900 ரூபாய் கூடுகிறது. பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களே இதற்காகத் தங்கள் காலாண்டுக் கணக்கில் ஒருமுறைச் செலவாகப் பெரும் தொகை ஒதுக்க வேண்டியிருந்தது. சிறிய மேன்பவர் நிறுவனம் ஒன்று இதை ஒதுக்காமல் விட்டால், ஒரு பெரிய வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் நாளில்தான் பள்ளத்தின் ஆழம் தெரியும்.

மூன்றாம் படி: வாடிக்கையாளருடன் கட்டணத்தை மறுபடி பேசுங்கள்

ஆள்வாரியான கணக்கு கையில் இல்லாமல் இந்தப் பேச்சுக்குப் போகாதீர்கள். ‘சட்டம் மாறிவிட்டது, கட்டணத்தைக் கூட்டுங்கள்’ என்று சொன்னால் கொள்முதல் பிரிவில் யாரும் கேட்கமாட்டார்கள். ‘இந்த 200 பேரில் இத்தனை பேருக்கு ஊதியம் இவ்வளவு மாறுகிறது, அதனால் சட்டப்படியான செலவு இவ்வளவு’ என்ற தாளைக் கண்முன் வைத்தால் பேச்சு வேறு தளத்தில் நடக்கும்.

வாடிக்கையாளருக்கும் இதில் தன்னலம் உண்டு. ஒப்பந்ததாரர் (அதாவது மேன்பவர் நிறுவனம்) ஊதியம் தரத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே (அதாவது வேலை வாங்கும் வாடிக்கையாளரே) அதைத் தொழிலாளிக்குக் கொடுத்து, பிறகு ஒப்பந்ததாரரிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு சொல்கிறது. குறைந்த கட்டணத்துக்கு ஒப்புக்கொண்டு ஈ.எஸ்.ஐ.யை விழுங்கும் ஒப்பந்ததாரரை வைத்துக்கொள்வது அவருக்கு மலிவல்ல. இதை நேராகவே சொல்லலாம்.

புதிய ஒப்பந்தத்தில் சில விதிகள் கட்டாயம் இடம்பெற வேண்டும். சட்டத்தால் செலவு கூடினால் அது நடைமுறைக்கு வந்த நாளிலிருந்தே கட்டணம் திருத்தப்படும் என்பது ஒன்று. பணிக்கொடையை மாதாமாதம் பில்லில் சேர்ப்பதா, வெளியேறும்போது உண்மைச் செலவாக வாங்குவதா என்பது மற்றொன்று. ஒப்பந்ததாரர் மாறி அதே ஆட்கள் அதே வேலையைத் தொடரும் இடங்களில் முந்தைய ஆண்டுகளின் பணிக்கொடையை யார் ஏற்பது என்று எழுதாமல் விடுவதுதான் இந்தத் தொழிலில் மிக அதிகமான சண்டைகளுக்குக் காரணம். பாதிக்கப்படுவது எப்போதும் தொழிலாளியே. அதோடு, குடிநீர், கழிப்பறை, கேன்டீன், முதலுதவி போன்ற நலவசதிகளைச் செய்துதரும் பொறுப்பு இப்போது முதன்மை வேலையளிப்பவருடையது என்பதையும் ஒப்பந்தத்தில் தெளிவாகக் குறியுங்கள். பழைய ஒப்பந்தங்கள் பலவற்றில் இது ஒப்பந்ததாரரின் தலையில் கட்டப்பட்டிருக்கும்.

பணம் வரும் காலம் பற்றியும் பேசியாக வேண்டும். சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. 15ஆம் தேதிக்குள், சம்பளத்தையும் சேர்த்த முழு பில் தொகைக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. 20ஆம் தேதிக்குள். வாடிக்கையாளரோ 60 நாள் கழித்துத் தருகிறார். நீங்கள் உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) பெற்ற குறு அல்லது சிறு நிறுவனம் என்றால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கேட்க வாடிக்கையாளருக்கு உரிமையில்லை என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் சொல்கிறது. ஆண்டு விற்றுமுதல் 100 கோடி ரூபாய் வரை சிறு நிறுவன வரம்பு என்பதால் தமிழ்நாட்டின் பெரும்பாலான மேன்பவர் நிறுவனங்கள் இதற்குள் வரும். பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். ‘வாடிக்கையாளர் இன்னும் தரவில்லை’ என்பது சம்பளத்தைத் தள்ளிப்போடுவதற்குச் சட்டம் ஏற்கும் காரணம் அல்ல.

நான்காம் படி: சம்பள நாட்காட்டியையும் பிடித்தங்களையும் திருத்துங்கள்

7ஆம் தேதிக் கெடு புதிதல்ல. புதிது என்னவென்றால், பழைய சட்டத்தின் 24,000 ரூபாய் உச்சவரம்பு போய்விட்டதால் வங்கியில் அமர்த்திய அதிகாரிக்கும் மென்பொருள் பொறியாளருக்கும் அதே கெடு பொருந்துகிறது. அதைவிடக் கடினமானது, ஒருவர் ராஜினாமா செய்தாலும், நீக்கப்பட்டாலும், ஆட்குறைப்புக்கு உள்ளானாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் அவருக்குரிய ஊதியத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்ற விதி. ‘ஃபுல் அண்டு ஃபைனல் 45 நாள் கழித்து’ என்ற பழக்கத்துக்கு இனி இடமில்லை.

மேன்பவர் நிறுவனத்துக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. தொழிலாளி வேலையை விட்டது வாடிக்கையாளரின் சூப்பர்வைசருக்குத்தான் முதலில் தெரியும். உங்கள் அலுவலகத்துக்கு மாதக் கடைசி வருகைப் பதிவு வரும்போதுதான் தெரியவரும். ஆகவே ஒவ்வொரு பணியிடத்திலும் ஒரு பொறுப்பாளரை வைத்து, விலகல், நீக்கம் இரண்டையும் அன்றே தெரிவிக்கும் கடமையை ஒப்பந்தத்திலும் சேர்த்து, மாதச் சம்பள ஓட்டத்துக்கு வெளியே தனியாகப் பணம் அனுப்பும் வசதியை மென்பொருளில் ஏற்படுத்துங்கள். அடையாள அட்டை, ஷூ, கருவி திரும்ப வரவில்லை என்று மொத்தக் கணக்கையும் நிறுத்திவைப்பது கூடாது.

பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்து ஊதியத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., முன்பணம், விடுதி வாடகை ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் முதல் மாதத் தொழிலாளிகளிடம் இந்த வரம்பு மீறப்படுவது எளிதில் தெரியும். வேலை வாங்கித் தந்ததற்காகத் தொழிலாளியிடம் நேராகவோ சுற்றுவழியிலோ கட்டணமோ கமிஷனோ வாங்குவதை பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு வெளிப்படையாகத் தடை செய்கிறது. உங்களுக்கு ஆள் சேர்த்துத் தரும் ஊர் ஏஜென்ட் வாங்கினாலும் கேள்வி உங்களிடம்தான் வரும் என்று கருதியே நடந்துகொள்ளுங்கள். ஏஜென்ட்டுக்கான பணத்தை நிறுவனமே ரசீதுடன் கொடுத்துவிட்டு, புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவரையும் முதல் வாரத்தில் தொலைபேசியில் அழைத்து ‘யாருக்காவது பணம் கொடுத்தீர்களா?’ என்று கேட்பது நல்ல நடைமுறை.

சம்பளம் வங்கி வழியாகவோ மின்னணு முறையிலோதான் போக வேண்டும். கொடுத்த தொகையை முதன்மை வேலையளிப்பவருக்கும் மின்னணு முறையில் தெரிவிக்க வேண்டும். ஓவர்டைம் இரு மடங்கு வீதம். அதை ‘ஊக்கத்தொகை’ என்று வேறு பெயரில் ஒற்றை வீதத்தில் கொடுப்பது இன்றும் பல இடங்களில் நடக்கிறது. நிலுவை கேட்டு வழக்கிடத் தொழிலாளிக்கு மூன்று ஆண்டுக் காலம் உண்டு; கொடுத்ததை நிரூபிக்கும் சுமை முதலாளியுடையது. குறைத்துக் கொடுத்தால் 50,000 ரூபாய் வரை அபராதம். ஐந்து ஆண்டுக்குள் மறுபடி அதே குற்றம் என்றால் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு.

ஐந்தாம் படி: உரிமமும், எந்த வேலைக்கு ஆள் அனுப்பலாம் என்பதும்

உரிமத் தேவை மத்தியச் சட்டத்தில் 20 தொழிலாளர் என்றிருந்தது, இப்போது 50. உரிமத்தின் ஆயுள் ஐந்து ஆண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களுக்கு ஆள் அனுப்புபவர்கள் ஒரே பொது உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பது சென்னையிலிருந்து பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் ஆள் அனுப்புபவர்களுக்குப் பெரிய வசதி. 50க்குக் கீழே இருப்பவர்களுக்கு உரிமம் தேவையில்லை என்றாலும் ஊதியத் தொகுப்பு முழுமையாகப் பொருந்தும்.

உரிமத்தைவிட அதிகம் யோசிக்க வேண்டியது ‘மைய வேலை’ பற்றிய தடை. ஒரு நிறுவனம் எந்த நோக்கத்துக்காகத் தொடங்கப்பட்டதோ அந்த மையப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக்கூடாது. துப்புரவு, காவல், கேன்டீன், சுமை ஏற்றி இறக்குதல், தோட்டப் பராமரிப்பு, போக்குவரத்து போன்றவை பொதுவாக மையப் பணி அல்ல. மையப் பணியிலும் விலக்குகள் உள்ளன: வழக்கமாகவே ஒப்பந்ததாரர் வழியாக நடப்பது, நாளின் பெரும்பகுதிக்கு முழுநேர ஆள் தேவைப்படாதது, திடீரென வேலை அதிகரித்துக் குறித்த காலத்தில் முடிக்க வேண்டியது. மேலே பார்த்த ஆபரேட்டர் உற்பத்தி வரிசையில் நிற்பவர். எந்த விலக்கின் கீழ் அவர் அங்கே இருக்கிறார் என்று பணி ஆணையிலேயே எழுதி வாங்கவில்லை என்றால் பின்னால் வாதாட ஒன்றும் இருக்காது. ‘வேலை அதிகரிப்பு’ என்று காட்டினால் தொடக்க, முடிவுத் தேதிகள் இருக்க வேண்டும். மூன்று ஆண்டாகத் தொடரும் அதிகரிப்பை எவரும் நம்பமாட்டார்கள்.

இன்னொரு பாதையும் இருக்கிறது. மேன்பவர் நிறுவனமே ஒருவரைத் தன் வழக்கமான ஊழியராக வைத்து, முறையான பணி நிபந்தனைகள், அவ்வப்போது ஊதிய உயர்வு, சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றைக் கொடுத்தால், சட்டப்படி அவர் ‘ஒப்பந்தத் தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வரமாட்டார். தகவல் தொழில்நுட்பம், பொறியியல் துறைகளில் ஆள் அனுப்பும் நிறுவனங்கள் இதை உண்மையாகவே செய்ய முடியும், செய்யவும் வேண்டும். ஆனால் காகிதத்தில் மட்டும் நிரந்தரம் என்று எழுதி, வாடிக்கையாளர் விடுவித்த மறுநாளே அனுப்பிவிட்டால் அந்த விலக்கு நிற்காது.

ஆறாம் படி: பணி நியமனக் கடிதங்கள்

நியமனக் கடிதம் இனி ஒவ்வொரு ஊழியருக்கும் கட்டாயம். ஏற்கெனவே பணியில் இருந்து கடிதம் பெறாதவர்களுக்கு, தொகுப்பு நடைமுறைக்கு வந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். இன்னும் கொடுக்காதவர்கள் இதை இந்த வாரமே முடியுங்கள். கடிதத்தில் உள்ள சம்பளப் பிரிவு இரண்டாம் படியில் திருத்திய தாளோடு ஒத்துப்போக வேண்டும்.

பதினோரு மாதக் கடிதம், இடையில் சில நாள் இடைவெளி, மறுபடி பதினோரு மாதம் என்ற பழக்கத்தைக் கைவிடுமாறு அழுத்தமாகச் சொல்வேன். குறித்த காலப் பணியாளருக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை உரிமை வருகிறது என்பதால் பதினோரு மாதத்தில் வெட்டும் ஆசை இப்போது இன்னும் பெருகும். செயற்கையான இடைவெளியைத் தொடர்ச்சியான பணியாகவே எடுத்துக்கொள்ள நீதிமன்றங்கள் தயங்குவதில்லை. தமிழ்நாட்டில் இதற்கு மேலும் ஒரு காரணம் இருக்கிறது: 24 மாதக் காலத்தில் 480 நாள் தொடர்ந்து பணிசெய்த தொழிலாளிக்கு நிரந்தரத் தகுதி தரும் 1981ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம், நீக்கப்பட்ட 29 மத்தியச் சட்டங்களில் ஒன்றல்ல.

ஏழாம் படி: வெளிமாநிலத் தொழிலாளர்கள்

ஒடிசா, பீகார், ஜார்கண்ட், மேற்கு வங்கம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வருபவர்கள் இல்லாமல் திருப்பூரிலோ ஓசூரிலோ மேன்பவர் தொழில் இல்லை. பழைய 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்ததாரர் வழியாகச் சேர்க்கப்பட்டவர்களை மட்டுமே புலம்பெயர் தொழிலாளர் என்றது. இப்போது முதலாளியே நேராகச் சேர்த்தவரும், தானாக வந்து சேர்ந்தவரும் அதற்குள் வருகிறார்கள். சொந்த ஊருக்குப் போய்வர ஆண்டுக்கு ஒருமுறை பயணத்தொகை தர வேண்டும். இதையும் கட்டணக் கணக்கில் சேருங்கள். இவர்களுக்கான சம்பளச் சீட்டும் நியமனக் கடிதமும் இந்தி, ஒடியா, வங்காளம் என அவரவர் படிக்கும் மொழியில் இருப்பது அவசியம் என்று கருதுகிறேன். ஈ.எஸ்.ஐ. அட்டையை எந்த மருத்துவமனையில் காட்ட வேண்டும், பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணை ஊர் திரும்பிய பிறகும் எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித் தராவிட்டால், அவர் பெயரில் நாம் கட்டும் பணம் அவருக்கு ஒருபோதும் போய்ச் சேராது.

எட்டாம் படி: ‘ஆலோசகர்’ என்ற பெயரில் இருப்பவர்கள்

தினமும் வாடிக்கையாளரின் அலுவலகத்தில், அவருடைய கணினியில், அவருடைய மேலாளரின் உத்தரவின்படி வேலை செய்யும் ஒருவரை ஆலோசகர் என்று காட்டி, பி.எஃப். இல்லாமல் வரி மட்டும் பிடித்துக்கொண்டு பணம் தருவது பரவலான நடைமுறை. யார் கட்டுப்படுத்துகிறார், யாருடைய தொழிலின் பகுதியாக வேலை நடக்கிறது என்பதை வைத்தே உறவைத் தீர்மானிக்க வேண்டும் என்ற வழியை உச்ச நீதிமன்றம் 1956ஆம் ஆண்டின் தாரங்கதாரா கெமிக்கல் வழக்கிலிருந்தே வளர்த்து வந்திருக்கிறது. இந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் அந்த அளவுகோலில் சோதித்து, உண்மையில் ஊழியராக இருப்பவரைச் சம்பளப் பட்டியலுக்கு மாற்றுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் வரிப்பிடித்தப் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஒப்பந்தங்களிலும் பில்களிலும் பழைய பிரிவு எண்ணைக் குறிப்பிட்டிருந்தால் அவற்றையும் இதே சமயத்தில் திருத்திவிடலாம்.

யார் எதைச் செய்வது

நடுத்தர அளவு நிறுவனம் ஒன்றில் முதல் இரண்டு வாரத்தைச் சம்பளப் பிரிவுக்கு ஒதுக்கி ஆள்வாரியான மறுகணக்கை முடியுங்கள். அந்தத் தாள் தயாரானதும் உரிமையாளரே நேரில் போய் ஐந்து பெரிய வாடிக்கையாளர்களுடன் பேச வேண்டும்; இதை விற்பனைப் பிரிவிடம் விடாதீர்கள். கட்டணத்தைத் திருத்த மறுக்கும் வாடிக்கையாளர் இருந்தால், எத்தனை மாதம் உங்கள் கைப்பணத்திலிருந்து தாங்க முடியும் என்று கணக்கிட்டு, அதற்குள் ஒப்பந்த விதிப்படி அறிவிப்புக் கொடுத்து வெளியேறுங்கள். தொழிலாளியின் ஈ.எஸ்.ஐ.யையோ ஓவர்டைமையோ குறைத்து அந்த ஒப்பந்தத்தைத் தக்கவைக்காதீர்கள். வெளியேறும் முன் அங்குள்ள ஆட்களின் பணிக்கொடை, விடுப்புப் பணம், பி.எஃப். மாற்றம், கேட்பவர்களுக்கு அனுபவச் சான்றிதழ் ஆகியவற்றை முடித்துக் கொடுத்து, கையொப்பம் பெற்ற நகலைப் பணியிட வாரியாகக் கோப்பில் வையுங்கள்.